வில்லன் "சித்தப்பா" என்று கூப்பிட்டால்? டெல்டாவுக்குத் திரும்பிய உளவு அதிகாரியின் கதை

வடவாற்றுக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதிரடிக் கதை. மத்திய உளவு அமைப்பில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவர் அறுபது வயதில் ஓய்வு பெறுகிறார். மனைவி இறந்துவிட்டார். குடமுருட்டிக் கரையில் இருக்கும் சொந்த ஊருக்கு உழவன் விரைவு ரயிலில் ஒரு பெட்டியோடு வந்து இறங்குகிறார். ஊரில் மணல் கொள்ளை. தட்டிக் கேட்ட பையன் ஒருவனை அடித்து வாய்க்காலில் போட்டுவிடுகிறார்கள். இவர் களத்தில் இறங்குகிறார்.

பதினெட்டு அத்தியாயங்கள் முடித்துவிட்டேன். போன வாரம் முதலிலிருந்து படித்துப் பார்த்தபோது மனம் கசந்துபோனது. ஆற்றின் பெயரை மட்டும் மாற்றினால் அது பாலாற்றுக் கதையாகிவிடும், வைகைக் கதையாகிவிடும். வில்லனுக்கு முறுக்கிய மீசை, வெள்ளை ஜீப், பின்னால் பத்து அடியாட்கள். நான் பிறந்து வளர்ந்த பக்கத்தில் அப்படி ஒருவரையும் பார்த்ததில்லை. பார்க்காத ஆளை எதற்காகப் பதினெட்டு அத்தியாயங்களுக்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

இங்கே டெல்டாக்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். நம் பக்கத்துச் சிறிய ஊரில் குற்றம் செய்கிறவன் உண்மையில் எப்படி இருப்பான்? அவனை எதிர்த்து நிற்க ஓர் ஓய்வுபெற்ற உளவு அதிகாரியிடம் உண்மையில் என்ன பலம் இருக்கும்? மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்.

முதல் வரிசை:

நண்பரே, உண்மை வேண்டும் என்று தேடிப் போய் அடிதடியைக் குறைத்துவிடாதீர்கள். ஒரு வாசகனாக இது என் வேண்டுகோள்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது மீட்டர் வட்டிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா நாற்று விடுவதற்கு வாங்கிய கடன். வட்டியாகவே அசலைப் போல மூன்று மடங்கு கட்டியிருந்தார். வந்தவர்கள் யாரையும் அடிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். அம்மா சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தெரு முழுவதும் வாசலில் நின்று பார்த்தது.

அன்று இரவு தூக்கம் வராமல் நான் நினைத்ததெல்லாம் ஒரே ஓர் ஆளைத்தான். தெருமுனையில் நின்று, "சைக்கிளை வைத்துவிட்டுப் போ" என்று சொல்கிற ஆள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இல் வந்தது. எங்கள் சைக்கிள் அதற்கு முன்பே போய்விட்டது. இந்த வகைக் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பது அந்த ஒருவரைப் பார்ப்பதற்காகத்தான். அவரை என்னிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

ஓய்வூதியர்:

மத்திய அரசின் வேறொரு துறையில் கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். டெல்லியில் எங்கள் குடியிருப்பில் உளவு அமைப்புகளில் இருந்தவர்களும் வசித்தார்கள். கேட்டால் "உள்துறை" என்பார்கள், இல்லையென்றால் "அமைச்சரவைச் செயலகம்" என்பார்கள். 1968இல் தொடங்கப்பட்ட வெளிநாட்டு உளவு அமைப்பு அமைச்சரவைச் செயலகத்தின் கீழ்தான் இருக்கிறது என்பதால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஊரில் அவர் அப்பா அம்மாவுக்கே "டெல்லியில் சென்ட்ரல் கவர்மென்ட் உத்தியோகம்" என்பதற்கு மேல் தெரிந்திருக்காது. உங்கள் கதைக்கு இது நல்ல ஆரம்பம்.

ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவரைக் கதைகளில் "ஏஜென்ட்" என்று எழுதுகிறார்கள். அந்தத் தொழிலில் ஏஜென்ட் என்பவர் தகவல் கொண்டுவந்து கொடுக்கிற வெளியாள். அவரைக் கண்டுபிடித்து, பழகி, பயம் போக்கி, ஆண்டுக்கணக்கில் காப்பாற்றி வைத்திருப்பவர்தான் அதிகாரி. உங்கள் நாயகர் அதிகாரி. முப்பத்து மூன்று ஆண்டுகள் அவர் செய்த வேலை, பேசக் கூடாது என்று இருப்பவரைப் பேச வைப்பது.

இன்னொரு விஷயம். உளவு அமைப்புகளுக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. அறிக்கை எழுதலாம், போலீசிடம் தகவல் கொடுக்கலாம். ஆகவே, உங்கள் நாயகர் பதவியில் இருந்தபோதும் ஒருவரின் கையில் விலங்கு மாட்டியவர் இல்லை. ஓய்வுக்குப் பிறகு அறிக்கை எழுதும் வேலையும் இல்லை. 2021இல் ஓய்வூதிய விதிகளைத் திருத்தி, இந்த அமைப்புகளில் இருந்தவர்கள் தங்கள் துறை சார்ந்த எதையும் அனுமதி இல்லாமல் எழுதி வெளியிடக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். மீறினால் ஓய்வூதியம் நிற்கும். ஒவ்வொரு நவம்பரிலும் வங்கிக்குப் போய், உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அவர். அவருடைய பயங்களில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கொள்ளிடக்கரை:

குற்றம் செய்கிறவன் எப்படி இருப்பான் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நான்.

லாரி வைத்திருப்பவர் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் செய்கிறவர். காதுகுத்துக்குக் கடன் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக நடு இரவில் கார் அனுப்புவார். ஓட்டுநர் என் வகுப்புத் தோழன். அப்பாவுக்கு இருந்த முக்கால் மா நிலமும் போனபிறகு ஸ்டியரிங் பிடித்தவன். பாலத்தில் செல்போனோடு உட்கார்ந்து அதிகாரிகளின் ஜீப் வருகிறதா என்று பார்க்கிற பையன்களுக்குப் பதினாறு, பதினேழு வயது. இந்த மூன்று வகை ஆட்களையும் ஒரே நிறத்தில் பூசினால் கதை பொய்யாகிவிடும்.

வேலை நடக்கிற விதமும் சொல்கிறேன். 2003 அக்டோபரிலிருந்து ஆற்று மணல் குவாரிகளை அரசே நடத்துகிறது. அரசு குவாரியில் பணம் கட்டினால் நடைச்சீட்டு கொடுப்பார்கள். நூறு கன அடி ஒரு யூனிட். திருட்டு எங்கே என்றால், ஒரே நடைச்சீட்டை வைத்துக்கொண்டு பல நடை அடிப்பதில் இருக்கிறது. பகலில் மாட்டுவண்டியில் கரைக்குக் கொண்டுவந்து குவித்து, இரவில் டிப்பரில் ஏற்றுவதும் உண்டு. பட்டா நிலத்தில் சவுடு மண் எடுக்க அனுமதி வாங்கி, அடியில் இருக்கிற மணலை எடுப்பதும் உண்டு. ஆகவே உங்கள் நாயகர் துப்பறிய வேண்டியது துப்பாக்கிக் குண்டை இல்லை, சீட்டை. ஒரு சீட்டில் இருக்கிற நேரத்தையும் ஒரு லாரி பாலத்தைக் கடந்த நேரத்தையும் ஒப்பிட்டாலே கணக்கு உடைந்துவிடும்.

ஊரைக் கொள்ளிடத்துக்கு மாற்றலாமா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொள்ளிடம் வெள்ளம் வந்தால் வடிகிற ஆறு. பாசனத்துக்கு அணை திறந்தாலும் அங்கே தண்ணீர் அதிகம் வராது, பல ஆண்டுகள் வெறும் மணலாகவே கிடக்கும். குடமுருட்டியில் முறைத் தண்ணீர் வரும். அந்த வித்தியாசம் உங்கள் கதைக்குப் பயன்படும்.

குடந்தை வாசகி:

மணல் கதைகள் நிறைய வந்துவிட்டன என்று தோன்றினால், நம் பக்கத்தில் நடந்த இன்னொரு திருட்டையும் யோசியுங்கள். சிவபுரம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1951இல் அங்கே வயலில் ஐம்பொன் சிலைகள் கிடைத்தன. நடராசரை 1954இல் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். அச்சாக அதே போல வேறொன்று செய்து கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அசலை விற்றுவிட்டார்கள். ஊர் மக்கள் போலியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 1965இல் லண்டனில் ஓர் அருங்காட்சியக அறிஞர், கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று எழுதியபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அமெரிக்கா வரை போன சிலை 1980களில் திரும்பியது.

குடவாசல் பக்கத்துப் பத்தூரில் 1976இல் நடந்தது வேறு விதம். குடிசைக்குப் பக்கத்தில் தோண்டிய கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் நடராசர் தட்டுப்பட்டார். சொற்ப விலைக்குக் கை மாறி லண்டனுக்குப் போனார். இடிந்து கிடந்த கோயிலின் சிவனே வாதியாக நின்று லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 1991இல் சிலை திரும்பியது. அந்தக் கூலித் தொழிலாளியை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கும். பெரிய பணம் போன பாதையில் அவர்தான் முதல் ஆள், அவருக்குக் கிடைத்தது சொற்பம்தான்.

இரண்டு வழக்குகளிலும் திருடர்களை ஓடவிட்டுப் பிடித்தவர் யாரும் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் பிடித்தார்கள். மணலையே எழுதுங்கள், தவறில்லை. ஆனால் அந்தப் பார்வையை உங்கள் நாயகருக்குக் கொடுங்கள்.

முதல் வரிசை:

சீட்டு, ஒப்பீடு, அறிக்கை. எல்லாம் சரி. நான் சொன்ன தெருமுனை ஆள் எங்கே? அவர் கையில் நோட்டுப் புத்தகம் மட்டும் இருந்தால் அன்று எங்கள் சைக்கிள் திரும்பி வந்திருக்காது. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

பாமணியாற்று ஆசிரியை:

முதல் வரிசைத் தம்பியின் கேள்வி நியாயமானது. அதற்கு வருவதற்கு முன் நாவல் எழுதும் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்தியவள் நான்.

உங்கள் நாயகர் இத்தனை ஆண்டுகள் எதைக் கற்றார்? யாருடைய கண்ணிலும் படாமல் இருக்கக் கற்றார். கூட்டத்தில் கரைந்துபோகக் கற்றார். அந்த வித்தை நம் ஊர் எல்லைக்குள் செல்லாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் ஒருவர் எழுந்து, "நீங்கள் கணக்குப்பிள்ளை வீட்டுப் பேரன் இல்லையா? தாடையைப் பார்த்தாலே தெரிகிறதே" என்று கேட்பார். அவர் என்ன சமைக்கிறார், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார், எந்தத் துறையில் குளிக்கிறார் என்பதெல்லாம் மூன்றே நாட்களில் ஊருக்குத் தெரிந்துவிடும். எதிரியின் ஊரில் முகமில்லாமல் வாழ்ந்தவருக்குச் சொந்த ஊரில் ஒளிய இடம் இல்லை. உங்கள் கதையின் பயம் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

எதிர்ப்பக்கம் இருப்பவனும் முகமில்லாதவன் இல்லை. அவன் இவருக்கு அண்ணன் மகனாக இருப்பான். "வாருங்கள் சித்தப்பா" என்று நாற்காலி போடுவான். அடிப்பதற்குக் கை ஓங்குகிற நேரத்தில் அந்தச் சொல் காதில் விழும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வாய்க்காலில் போட்ட பையனுக்கு அம்மா இருக்கிறாரா? பதினெட்டு அத்தியாயங்களில் அவர் ஒரு வரியாவது பேசியிருக்கிறாரா?

வடவாற்றுக்காரன்:

பேசவில்லை அம்மா. ஒரு வரிகூட இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் அழுகிறார், அதோடு சரி. உங்கள் கேள்வியைப் படித்தபிறகு மடிக்கணினியை மூடிவிட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

படுகை வாழை:

தம்பி, நான் திருவையாற்றுப் பக்கம் படுகையில் வாழை போடுகிறவள். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆசிரியை அம்மா கேட்ட கேள்வியால் எழுதுகிறேன்.

என் அத்தை மகன் பதினான்கு வயதில் ஆற்றில் போனான். ஆடிப்பெருக்கு அன்று. காலையில் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு துறைக்குப் போனோம். எங்கள் துறையில் பெரியவர்களுக்கு முழங்கால் அளவுதான் தண்ணீர் இருக்கும். தலைமுறையாக அங்கேதான் குளிக்கிறோம். அவன் மூன்றடி எடுத்து வைத்தான். நான்காவது அடியில் தரை இல்லை. கோடையில் இயந்திரம் வைத்துத் தோண்டிய பள்ளம் அது. தண்ணீர் மேலே வழக்கம் போலத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கரையில் நின்றவர்கள் கத்தினோம். ஓடிவந்து குதித்தவர் யார் தெரியுமா? அந்தப் பொக்லைன் இயந்திரத்தின் சொந்தக்காரர். எங்களுக்கு மாமா முறை. வெள்ளை வேட்டியோடு குதித்தார். பள்ளம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று அவருக்குத்தானே தெரியும்? நேராக அந்த இடத்துக்குப் போய் முங்கி அவனை எடுத்துக்கொண்டு வந்தார். மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அது நடிப்பு இல்லை. இன்றைக்கும் சத்தியமாகச் சொல்வேன், அவர் அழுதது நடிப்பு இல்லை. பாடையின் முன்கால் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினார்.

அடுத்த மாசியில் மறுபடியும் இயந்திரம் ஆற்றில் இறங்கியது.

அத்தை போலீசுக்குப் போகவில்லை. "அவன்தானே எடுத்துக் கொடுத்தான்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. உங்கள் முறுக்கு மீசைக்காரனை அடித்து வீழ்த்த யாராலும் முடியும் தம்பி. எங்கள் மாமாவை உங்கள் நாயகர் என்ன செய்வார்?

கொள்ளிடக்கரை:

அக்கா, படித்துவிட்டு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஓய்வூதியர்:

இந்தப் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் மேலே சொன்னதோடு இதைச் சேர்க்க விரும்புகிறேன். பேசக் கூடாது என்று இருப்பவரைப் பேச வைப்பதுதான் அந்த அதிகாரியின் தொழில் என்று எழுதினேன். அப்படியானால் நாவலில் அவர் பேச வைக்க வேண்டிய ஆள் அந்த அத்தைதான். வெளிநாட்டில் எத்தனையோ பேரைப் பேச வைத்தவர், ஊரில் ஒரு தாயின் முன்னால் பாயில் உட்கார்ந்து என்ன கேட்பது என்று தெரியாமல் இருக்கிறார். அங்கே பழைய தந்திரம் எதையும் பயன்படுத்த அவருக்கே கை கூசும்.

சாட்சி சொல்கிறவர்களின் ஆபத்தையும் குறைத்துக் காட்டாதீர்கள்.

பாமணியாற்று ஆசிரியை:

ஆமாம் ஐயா. 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் ஒரு கிராம நிர்வாக அலுவலரைப் பட்டப்பகலில், அலுவலகத்துக்குள் புகுந்து வெட்டிக் கொன்றார்கள். தாமிரபரணியில் மணல் எடுப்பதைப் பற்றிப் புகார் கொடுத்தவர் அவர். எந்தப் பயிற்சியும் இல்லை, ஆயுதமும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்தார். முதல் வரிசைத் தம்பி, தெருமுனையில் நின்ற ஆள் அவர்தான். நம் கதைகளில் அப்படிப்பட்டவர் முதல் காட்சியிலேயே செத்துவிடுகிறார், பழிவாங்க வேறொருவர் வருகிறார். எனக்கு அவர் கடைசி அத்தியாயம் வரை உயிரோடு இருக்க வேண்டும். அதிகாரியின் பயிற்சி அவரைக் காப்பாற்றப் பயன்பட வேண்டும்.

முதல் வரிசை:

அம்மா, இதை ஒப்புக்கொள்கிறேன். காப்பாற்றுவதற்காக விழுகிற அடி எனக்குப் போதும். ஆனால் அடி விழ வேண்டும்.

கடைமடை:

தலைஞாயிறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் மேலே மணலைப் பேசுகிறீர்கள். கடைசியில் இருக்கிற நாங்கள் தண்ணீரைப் பேசுகிறோம். இரண்டும் ஒன்றுதான். மேலே தோண்டிய ஒவ்வொரு பள்ளமும் முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் தண்ணீரைக் கீழே விடும். ஆற்றின் தரை இறங்கினால் வாய்க்கால் தலைப்பு மேலே நின்றுவிடும், ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் வயலுக்கு ஏறாது. மணல் போனால் ஆற்றுக்குத்தானே நஷ்டம் என்று நினைக்கிறவர்கள் ஒரு சம்பா பருவம் எங்கள் ஊரில் வந்து இருந்து பார்க்க வேண்டும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது, மணல் எடுத்துத்தான் அடித்தளம் பலவீனமானது என்று விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். 1836இல் கட்டத் தொடங்கிய அணை, எத்தனை வெள்ளத்தைத் தாங்கியது!

கதைக்கு ஒரு யோசனை. அதிரடிக் கதைக்குக் கெடு வேண்டும் அல்லவா? நம்மிடம் இயற்கையாகவே ஒரு கெடு இருக்கிறது. ஜூன் 12, மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற நாள். திறந்தால் ஆற்றில் இயந்திரம் நிற்க முடியாது. மணல் எடுக்கிறவர்கள் அந்த நாளை வைத்துத்தான் வேலையை முடிப்பார்கள். 2022இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? அணை நிறைந்து வந்ததால் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. எங்களுக்குக் கொண்டாட்டம். மணல்காரர்களுக்குப் பத்தொன்பது நாட்கள் ஒரேயடியாகக் குறைந்துபோயின. அறிவிப்பு வந்த நாளிலிருந்து ராத்திரி பகல் பார்க்காமல் தோண்டுவார்கள். ஆட்களை அதிகம் சேர்ப்பார்கள், நம்பக்கூடாதவனை நம்புவார்கள், ஒரே சீட்டை ஒரே பாலத்தில் நான்கு முறை காட்டுவார்கள். பொறுமைசாலி ஒருவர் காத்திருந்தால் அவசரக்காரன் தானாகவே மாட்டுவான். அந்தச் சில நாட்களிலேயே நாவலை முழுவதும் வைத்துவிடுங்கள்.

ஓய்வூதியர்:

அருமையான இடம். 2022 என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. புதிய சட்டம் 2024 ஜூலை 1இல்தான் வந்தது. தற்காப்பு உரிமைக்கு 96 முதல் 106 வரையிலான பிரிவுகள். தன் உயிருக்கு மட்டுமின்றி அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வந்தாலும் அந்த உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் ஓர் அடி விழுந்தாலும் அது குற்றம். உங்கள் நாயகருக்கு இது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். ஒவ்வோர் அடியையும் அளந்து அடிக்கிற மனிதர். அந்த அளவே சண்டைக்கு விறுவிறுப்பு தரும்.

கொள்ளிடக்கரை:

சண்டை நடக்கிற இடத்தையும் கவனியுங்கள். மே மாதம் வயல் எல்லாம் கட்டாந்தரை, மறைவு கிடையாது. கரையில் மூங்கில் கொத்து, நாணல், மோட்டார் கொட்டகை, இவைதான் ஒதுங்க இடம். கரைமேல் போகிற சாலையில் ஒரு லாரி வந்தால் எதிரே சைக்கிள்கூட ஒதுங்க முடியாது. உலர்ந்த ஆற்று மணலில் யாராலும் வேகமாக ஓட முடியாது, கால் புதையும். ஓடத் தெரிந்த இருபது வயதுக்காரனும் நடக்கத் தெரிந்த அறுபது வயதுக்காரரும் அங்கே ஏறக்குறைய சமம்.

வடவாற்றுக்காரன்:

நான்கு நாட்களாக எழுதவில்லை, படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பதினெட்டு அத்தியாயங்களையும் ஒதுக்கிவிட்டேன். நேற்று இரவு புதிதாக ஒரு காட்சி எழுதினேன். கிராம நிர்வாக அலுவலர் பாலத்தடியில் சிக்கிக்கொண்டிருக்கிறார், நாயகர் அங்கே வருகிறார். உங்கள் முன் வைக்கிறேன்.

"பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த பையன் டார்ச்சை அடித்தான். 'யார்?' 'கணக்குப்பிள்ளை வீடு.' வெளிச்சம் உடனே தரைக்கு இறங்கியது. 'தாத்தாவா? இந்த நேரத்தில் இங்கே ஏன் வந்தீர்கள்? வீட்டுக்குப் போய்விடுங்கள் தாத்தா.' பையனின் குரலில் அக்கறை இருந்தது. அவர் நிற்காமல் சரிவில் இறங்கினார். மணலில் செருப்பைக் கழற்றி வைத்தார். பொக்லைனின் விளக்கு வெளிச்சத்தில் அலுவலர் முழங்காலிட்டு இருந்தார். நெற்றியில் ரத்தம். ஓட்டுநர் ஸ்பேனரை ஓங்கினான். அவர் அவனுடைய மணிக்கட்டை மட்டும் பார்த்தார். ஒரே அடி. எலும்பு விட்ட சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம். இரண்டாவது அடிக்குத் தேவை இல்லை என்று தெரிந்ததும் கையைக் கீழே இறக்கினார். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். இவன் தொட்டிலுக்குப் பேரூர் சந்தையில் மணி வாங்கிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் மெதுவாக வெளிச்சத்துக்கு வந்தான். 'சித்தப்பா,' என்றான். அப்போது மேற்கே பெரும் இரைச்சலோடு தண்ணீர் வந்தது."

முதல் வரிசை:

துண்டால் கட்டுகிற இடத்தில் நிறுத்தி மறுபடியும் படித்தேன். என் சைக்கிளை வாங்கித் தர வந்தவர் இவர்தான். நன்றி நண்பரே.

குடந்தை வாசகி:

நம் பக்கத்தில் "பேரூர் சந்தை" எங்கே இருக்கிறது? அதை மட்டும் மாற்றுங்கள். தொட்டில் மணி கும்பகோணத்துப் பாத்திரக் கடைத் தெருவில் வாங்கியதாக இருக்கட்டும்.

கடைமடை:

காட்சி நன்றாக இருக்கிறது. கடைசி வரியை மட்டும் விட்டுவிட முடியாது. புதுத் தண்ணீர் இரைச்சலோடு வராது தம்பி. காய்ந்த ஆற்றில் அது ஊர்ந்துதான் வரும். முன்னால் நுரை, சருகு, குப்பை. மணல் தண்ணீரைக் குடிக்கும்போது சின்னச் சின்னக் குமிழியாக வெடிக்கும். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தால்தான் அந்தச் சத்தம் கேட்கும். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது அதன் தலைக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே வருவோம், அவ்வளவு நிதானம். பள்ளம் வந்தால் அதற்குள் விழுந்து காணாமல் போகும். நிரம்பும் வரை ஆறு அங்கேயே நிற்கும். உங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கட்டும், தண்ணீர் அந்தப் பள்ளத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்கட்டும்.

வடவாற்றுக்காரன்:

மாற்றிவிடுகிறேன் ஐயா. இரண்டு திருத்தங்களையும்.

படுகை வாழை அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அத்தையைப் போல ஒருவரை இந்தக் கதையில் எழுதலாமா? வேண்டாம் என்றால் தொட மாட்டேன்.

படுகை வாழை:

எழுதுங்கள் தம்பி. ஊரையும் உறவையும் மாற்றிவிடுங்கள்.

அத்தை அதற்குப் பிறகு எந்த ஆடிப்பெருக்குக்கும் ஆற்றுக்கு வந்ததில்லை. எல்லோரும் துறைக்குப் போனபிறகு, கொல்லையில் அடிபம்பைக் கொஞ்சம் அடித்து, ஓடுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் காப்பரிசியை வாழை இலையில் வைத்துக் கும்பிடுவார். இதைச் சேர்ப்பதாக இருந்தால், இலையின் ஓரத்தில் ஒரு கரும்புத் துண்டும் வையுங்கள். அவனுக்குக் கரும்பு பிடிக்கும்.